பத்தாம் வகுப்பிலிருந்து வெளியேற்றப்பட்ட வண்டுகள்: என்.சி.இ.ஆர்.டி.க்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்:
இயக்குநர் மற்றும் அறிவியல் பாடநூல் குழுவினர்,
தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் கவுன்சில்,
புது தில்லி.

மதிப்பிற்குரியீர்,

உங்கள் பத்தாம் வகுப்பு அறிவியல் பாடநூலின் ஒன்பதாம் அத்தியாயம் முன்பு ‘மரபும் பரிணாமமும்’ என்ற தலைப்பில் இருந்தது. கொரோனாக் காலத்தில் மாணவர்களின் சுமையைக் குறைப்பதாகச் சொல்லி 2022-23 கல்வியாண்டுக்காக நீங்கள் செய்த பாடக்குறைப்பில் அது ‘மரபு’ என்று மட்டும் ஆனது. பரிணாமம், பிறந்தபின் பெற்ற பண்புக்கும் மரபாக வரும் பண்புக்கும் உள்ள வேறுபாடு, புதிய இனங்கள் தோன்றும் விதம், புதைபடிவங்கள், மனிதப் பரிணாமம், டார்வினைப் பற்றிய பெட்டிச் செய்தி ஆகிய அனைத்தும் போயின. 2023 ஏப்ரலில் 1,800க்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் அவற்றைத் திரும்பச் சேர்க்கும்படி கையெழுத்திட்டு வேண்டினார்கள். நெருக்கடிக் காலத்துக்கென்று வந்த வெட்டு, நெருக்கடி முடிந்த பிறகு வந்த அச்சிலும் அப்படியே நின்றது.

நான் மேற்குத் தமிழ்நாட்டில் ஓர் அரசு மருத்துவமனையின் நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் பணிபுரியும் மருத்துவர். பாடத்திட்டம் வகுப்பது என் துறையன்று. ஆனால் நீங்கள் நீக்கிய பக்கங்களில் இருந்ததை, அது இல்லாத குறையோடு வரும் மனிதர்களுக்கு, சளி மாதிரிக்கும் ரத்த மாதிரிக்கும் இடைப்பட்ட ஐந்து நிமிடத்தில் விளக்க முயல்வது இருபது ஆண்டுகளாக என் அன்றாட வேலையாக இருக்கிறது. அந்த உரிமையில்தான் எழுதுகிறேன். தமிழில் எழுதுவதற்குக் காரணம், இந்த இழப்பு யாருடைய பிள்ளைகளுக்கு நேர்ந்ததோ அந்தப் பெற்றோர்களும் இதைப் படிக்க வேண்டும் என்பதே; ஆங்கிலப் படி ஒன்றைத் தனியே அஞ்சலில் அனுப்புகிறேன்.

எங்கள் பகுதியில் மருந்து வேலை செய்யாவிட்டால் மக்கள் சொல்லும் ஒரு வாக்கியம் உண்டு: “உடம்புக்கு மருந்து பழகிப்போச்சு.” படித்தவர்களும் சொல்கிறார்கள், மருந்துக் கடைக்காரர்களும் சொல்கிறார்கள், ஒப்புக்கொள்ள வெட்கமாக இருந்தாலும், அவசரத்தில் மருத்துவர்களாகிய நாங்களும் சொல்லிவிடுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன்பு சந்தையில் மூட்டை தூக்கும் தொழிலாளி ஒருவர் காசநோய்க்கு ஆறு மாதம் சாப்பிட வேண்டிய மருந்தை இரண்டு மாதத்தில் நிறுத்திவிட்டார். இருமல் நின்றுவிட்டது, எடை கூடியது, வேலைக்குப் போக வேண்டியிருந்தது, நிறுத்திவிட்டார். ஒன்றரை ஆண்டு கழித்துத் திரும்பி வந்தபோது அவருடைய சளியில் ரிஃபாம்பிசின் என்னும் முதன்மை மருந்துக்கு அடங்காத கிருமி இருப்பதை எங்கள் மூலக்கூறுச் சோதனை இரண்டு மணி நேரத்தில் காட்டிவிட்டது. “மாத்திரை எனக்குப் பழகிப்போச்சுங்க டாக்டரம்மா” என்றார். நானும் தலையாட்டிவிட்டேன்.

மூன்று மாதம் கழித்து அவருடைய மனைவி இருமலோடு வந்தார். அவருக்கும் அதே கிருமி, மருந்துக்கு அடங்காத அதே எதிர்ப்புத்திறன். முடிவுத் தாளை வாங்கிக்கொண்டு அந்த அம்மாள் கேட்ட கேள்வியை நான் மறக்கவில்லை: “நான் அந்த மாத்திரையில ஒண்ணுகூடப் போட்டதில்லையேங்க, எனக்கு எப்படிங்க பழகும்?”

பள்ளிப் படிப்பை ஐந்தாம் வகுப்போடு நிறுத்திய ஒரு பெண்மணி, ‘பழகிவிட்டது’ என்ற விளக்கத்தை ஒரே கேள்வியில் உடைத்துவிட்டார். பழகியது அவர் உடம்புமல்ல, அவர் கணவரின் உடம்புமல்ல. கிருமிக் கூட்டத்தின் சேர்க்கை மாறியிருந்தது. அவருக்கு நான் கூறியிருக்க வேண்டிய விடை, உங்கள் பழைய பத்தாம் வகுப்பு நூலில் அச்சாகியிருந்தது.

அந்த விடையின் கணக்கைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனெனில் பரிணாமம் என்பது கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முந்தைய செய்தி என்றும் பிள்ளைகளின் அன்றாட வாழ்வுக்கு அது அவசரமில்லை என்றும் நீங்கள் கருதியிருக்கக்கூடும். காசநோயால் நுரையீரலில் உண்டாகும் ஒரு பொத்தலில் பத்துக் கோடி கிருமிகள் இருக்கலாம். ஐசோனியசிட் மருந்துக்கு அடங்காத கிருமி, மரபணுவில் தற்செயலாக நேரும் மாற்றமாகிய மரபுப்பிறழ்வால், ஏறத்தாழ பத்து லட்சத்துக்கு ஒன்று என்ற விகிதத்தில் இயல்பாகவே இருக்கும். ரிஃபாம்பிசினுக்கு அடங்காதது பத்துக் கோடிக்கு ஒன்று. அப்படியானால் முதல் மாத்திரை நோயாளியின் வாய்க்குள் போகும் முன்பே ஐசோனியசிட்டை வெல்லக்கூடிய நூறு கிருமிகள் அங்கே உட்கார்ந்திருக்கின்றன. அந்த மருந்தை மட்டும் கொடுத்தால் மற்றவை சாகும், அந்த நூறும் பெருகும். இரண்டு மருந்துகளையும் சேர்த்துக் கொடுத்தால் இரண்டையும் ஒருசேர வெல்லும் கிருமி கோடிக் கோடியில் ஒன்று. ஒரு மனித நுரையீரலில் அது இருப்பதற்கு வாய்ப்பு மிகக் குறைவு. காசநோய்க்கு ஏன் ஒரு மாத்திரைக்குப் பதிலாக நான்கு மருந்துகள் என்று கேட்கும் ஒவ்வொரு நோயாளிக்கும் உரிய விடை இதுதான். 1940களில் ஸ்ட்ரெப்டோமைசினைத் தனி மருந்தாகக் கொடுத்துப் பார்த்தபோது, முதலில் தேறிய நோயாளிகள் பலரின் கிருமிகள் சில மாதங்களில் அம்மருந்துக்கு அடங்காதவையாயின. அந்தப் பாடத்திலிருந்துதான் கூட்டு மருத்துவம் பிறந்தது. 1956இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் ஆய்வு மையம், கூட்டு மருந்துகளை வீட்டிலிருந்தே சாப்பிட்டாலும் சானடோரியம் என்னும் காசநோய் மருத்துவ இல்லத்தில் படுத்துச் சாப்பிட்டதற்கு ஈடான பலன் கிடைக்கும் என்று 1959இல் உலகுக்குக் காட்டியது. சூழலைத் தாக்குப்பிடிப்பவை தப்பிப் பெருகும் இயற்கைத் தேர்வைப் புரிந்துகொண்டு அதை முந்திக்கொள்ளும் சிகிச்சை, நம் ஊரில் பரிசோதிக்கப்பட்டு உலகம் முழுவதும் போனது.

எதிர்ப்புத்திறன் மருந்தைக் கண்ட பிறகு கிருமி கற்றுக்கொள்வதா, அதற்கு முன்பே தற்செயலாக இருப்பதா என்பது ஒருகாலத்தில் உண்மையான சர்ச்சையாகவே இருந்தது. 1943இல் லூரியா, டெல்புரூக் என்னும் இரண்டு அறிவியலாளர்கள் பாக்டீரியாக்களைத் தனித்தனிக் குழாய்களில் வளர்த்து, அவற்றைக் கொல்லும் வைரசின் முன் நிறுத்திப் பார்த்தார்கள். தாக்குதலைக் கண்டு கற்றுக்கொள்வதாக இருந்தால் எல்லாக் குழாய்களிலும் தப்பியவற்றின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றாக இருந்திருக்கும். ஒரு குழாயில் ஒன்றுமில்லை, இன்னொன்றில் நூற்றுக்கு மேல் என்று அது தாறுமாறாக வந்தது. பிறழ்வு முன்பே, தற்செயலாக, சில குழாய்களில் சீக்கிரமாகவும் சிலவற்றில் தாமதமாகவும் நிகழ்ந்திருந்தது என்பதற்கு அதுவே சான்று. அந்தச் சர்ச்சை முடிந்து எண்பது ஆண்டுகள் ஆகின்றன. எங்கள் புறநோயாளிப் பிரிவில் அது இன்னும் முடியவில்லை.

இப்போது உங்கள் பழைய நூலுக்கு வருகிறேன். அதில் பச்சைப் புதரில் வாழும் பன்னிரண்டு சிவப்பு வண்டுகள் இருந்தன. காகங்கள் சிவப்பு வண்டுகளைக் கொத்தித் தின்னும். தற்செயலாகப் பச்சை நிறத்தில் பிறந்த ஒரு வண்டும் அதன் வழிவந்தவையும் இலையோடு இலையாகத் தப்பிப் பெருகும். அடுத்த கதையில் ஒரு நீல வண்டு பிறக்கும். எந்தச் சிறப்பும் இல்லாத அந்த நீலம், ஒரு யானை புதரை மிதித்துப் பெரும்பாலான சிவப்பு வண்டுகளைக் கொன்றுவிட்டதால் பெருகிவிடும். மூன்றாவது கதையில் செடிகள் வாடி, வண்டுகள் இரையின்றி மெலியும், ஆனால் அந்த மெலிவு குஞ்சுகளுக்கு மரபாகப் போகாது. வாலை வெட்டிய எலிகளுக்கு வாலோடுதான் குட்டிகள் பிறக்கும் என்றும் அடுத்துச் சொல்லியிருந்தீர்கள். இயற்கைத் தேர்வு, தற்செயல் விலகல், பெற்ற பண்பு மரபாகாமை ஆகிய மூன்றையும் ஒரு கணிதச் சமன்பாடும் இல்லாமல் பதினைந்து வயதுப் பிள்ளைக்கு விளங்கவைத்த பக்கங்கள் அவை. உங்கள் குழுவின் முன்னோர் எழுதியவற்றில் ஆகச்சிறந்த பக்கங்கள் என்று என் கணிப்பில் சொல்வேன். காகத்தின் இடத்தில் மருந்தை வைத்தால் போதும், அந்த அம்மாளின் கேள்விக்கு விடை வந்துவிடும்.

என் அக்கா மகள் கோவையில் உங்கள் நூலைப் படிக்கும் பள்ளி ஒன்றில் பத்தாம் வகுப்பு முடித்தாள். ஒருநாள் என் கைப்பேசியில், கிருமிகளை வளர்த்துப் பார்க்கும் ஒரு கல்ச்சர் தட்டின் படத்தைப் பார்த்தாள். மருந்து தோய்த்த வில்லைகளைச் சுற்றி வெற்றிடம் விழ வேண்டிய இடத்தில், வில்லையின் விளிம்புவரை கிருமி செழித்து வளர்ந்திருந்தது. “இதுக்கு யார் சித்தி சொல்லிக்கொடுத்தா?” என்று கேட்டாள். அவளுடைய பாடநூல் மெண்டலின் பட்டாணிச் செடிகளோடு முடிந்துவிட்டிருந்தது. அதே தெருவில் தமிழ்நாட்டு அரசுப் பாடத்திட்டத்தில் படிக்கும் பையனின் பத்தாம் வகுப்பு நூலில் ‘உயிரின் தோற்றமும் பரிணாமமும்’ என்று தனி அலகே இருக்கிறது. இரண்டு வீடு தள்ளியிருக்கும் இரண்டு பிள்ளைகளில் ஒருவருக்கு விளக்கமும் இன்னொருவருக்கு வியப்பும் என்று பங்கிட்டது யாருடைய முடிவு?

பரிணாமம் பன்னிரண்டாம் வகுப்பு உயிரியலில் இருக்கிறது, ஆகவே எதுவும் நீக்கப்படவில்லை என்று அரசுத் தரப்பில் விளக்கம் தரப்பட்டது. பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியலைத் தேர்ந்தெடுப்பவர்களில் பலர் மருத்துவத்துக்கோ அது சார்ந்த படிப்புக்கோ போகிறவர்கள். அவர்கள் எப்படியும் கற்றுக்கொள்வார்கள். வணிகவியல் படித்துக் கோழிப்பண்ணை நடத்தப்போகிறவரும், பொறியியல் படித்துக் காய்ச்சலுக்குத் தாமாகவே அசித்ரோமைசின் என்னும் ஆன்டிபயாடிக்கை வாங்கப்போகிறவரும், சட்டம் படித்துச் சுகாதாரக் கொள்கை வகுக்கப்போகிறவரும் உயிரியலைக் கடைசியாகப் பார்க்கும் இடம் பத்தாம் வகுப்பு. கோழித் தீவனத்தில் கொலிஸ்டின் கலப்பதை 2019 ஜூலையில் நம் சுகாதார அமைச்சகம் தடை செய்தது. வேறெதுவும் பலிக்காத தீவிர சிகிச்சை நோயாளிக்கு எங்களிடம் மீந்திருக்கும் மருந்துகளில் அது ஒன்று. அந்தத் தடைக்குப் பண்ணையாளர் மனத்தளவில் உடன்பட வேண்டுமானால், கோழியின் குடலில் தேர்வாகும் எதிர்ப்பு மரபணு எப்படி மனிதரின் ரத்தம்வரை வந்துசேரும் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அபராதத்தால் மட்டும் அது ஆகாது.

சென்னை ஆய்வாளர் ஒருவரை முதல் ஆசிரியராகக் கொண்டு 2010இல் வெளியான ஆய்வுக் கட்டுரை ஒன்று, எங்கள் கடைசி மருந்துகளாகிய கார்பபெனம்களையே சிதைக்கும் என்.டி.எம்.-1 நொதியைச் சென்னை, ஹரியானா, பிரிட்டன் நோயாளிகளின் கிருமிகளில் கண்டதாக அறிவித்தது. அதன் பெயரின் முதல் இரண்டு எழுத்துகள் புது தில்லியை (நியூ டெல்லி) குறித்ததற்காக நாட்டில் பெரிய கோபம் எழுந்தது. ஓர் இனக் கிருமியிலிருந்து வேறோர் இனக் கிருமிக்கு அந்த மரபணு தாவிச் செல்லும் என்ற செய்திக்கு அந்தக் கோபத்தில் கால்வாசிகூட எழவில்லை. 2019இல் மட்டும் உலகெங்கும் 12.7 லட்சம் பேர் நேரடியாக மருந்தெதிர்ப்புக் கிருமிகளால் இறந்தார்கள் என்பது 2022இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த மதிப்பீடு.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆன்டிபயாடிக்கை எப்போதும் முழு நாள் கணக்குக்கும் சாப்பிடுங்கள் என்று நாங்களே மனப்பாடமாகச் சொல்லிவந்த அறிவுரையும் முழுதாகச் சரியன்று. காசநோய்க்கு அது உயிர்நிலை. ஆனால் சிக்கலற்ற நிமோனியா, சிறுநீர்த் தொற்று போன்ற பலவற்றுக்குக் குறுகிய சிகிச்சையே போதும் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. தேவைக்கு மேல் நீளும் ஒவ்வொரு நாளும் குடலிலும் தோலிலும் இருக்கும் தீங்கற்ற பாக்டீரியாக்களிடையே எதிர்ப்புத்திறன் உள்ளவற்றையே பொறுக்கியெடுக்கிறது. இரண்டு அறிவுரையும் ஒன்றையொன்று மறுப்பதுபோலத் தோன்றும். இயற்கைத் தேர்வு தெரிந்தவருக்கு இரண்டும் ஒரே விதியின் இரண்டு பயன்பாடுகள் என்பது புலப்படும். தெரியாதவருக்கு டாக்டர்கள் மாற்றி மாற்றிப் பேசுகிறார்கள் என்றுதான் படும்.

நான் பணியின் தொடக்கத்தில் நீலகிரி அடிவாரத்தில் சில காலம் வேலை பார்த்தேன். அரிவாள் செல் சோகை என்னும் மரபு ரத்த நோயால் மூட்டு வலியில் துடிக்கும் பழங்குடிக் குழந்தைகளை அங்கேதான் முதன்முதலில் கண்டேன். ஒரு தாய் கேட்டார்: “எங்க சனத்துக்கு மட்டும் ஏன் இது?” தாய் தந்தை இருவரும் அந்த மரபணுவைச் சுமந்தால் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு என்பதை நீங்கள் விட்டுவைத்த ‘மரபு’ அத்தியாயத்தைக் கொண்டு சொல்லிவிடலாம். ஏன் இந்த மலையடிவாரத்து மக்களிடம் இவ்வளவு என்பதற்கு நீக்கிய பக்கங்கள்தாம் வேண்டும். இந்தியாவில் இந்த மரபணு முதலில் பதிவானதே 1952இல், நீலகிரிப் பழங்குடியினரிடையேதான். அந்த மரபணுவின் ஒற்றைப் படியை மட்டும் சுமப்பவர்களைக் கொடிய மலேரியா எளிதில் கொல்வதில்லை என்று ஆலிசன் என்னும் ஆய்வாளர் 1954இல் கிழக்கு ஆப்பிரிக்காவில் நிறுவினார். தலசீமியா என்னும் இன்னொரு மரபு ரத்த நோயைப் பற்றி இதே திசையிலான கருத்தை 1949இலேயே முன்வைத்த உயிரியலாளர் ஹால்டேன், பின்னர் 1957இல் இந்தியாவுக்கு வந்து, இந்தியக் குடிமகனாகி, 1964இல் புவனேசுவரத்தில் மறைந்தவர். மலேரியா மண்டிய காட்டில் உன் முன்னோர்களைக் காத்த மரபணு இது, இரட்டையாக வரும்போது நோயாகிறது என்று அந்தத் தாயிடம் சொன்னேன். சாபம், கெட்ட ரத்தம் என்றெல்லாம் பிறர் சொல்லக் கேட்டே வளர்ந்தவர், சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அப்போ அது எங்களைக் காப்பாத்தத்தான் வந்துச்சு” என்றார். ‘காப்பாற்ற வந்தது’ என்பதும் அறிவியல்படி சரியான வாக்கியமில்லைதான். திருத்த மனம் வரவில்லை.

2023 ஜூலையில் தேசிய அரிவாள் செல் சோகை ஒழிப்புத் திட்டம் தொடங்கப்பட்டது. 2047க்குள் ஒழிப்பது இலக்கு, ஏழு கோடிப் பேரைப் பரிசோதிப்பது வழி. நல்ல திட்டம். அதே ஆண்டில், அந்த நோய் ஏன் அந்த மக்களிடம் இருக்கிறது என்று சொல்லும் அறிவைப் பத்தாம் வகுப்பிலிருந்து எடுத்து வைத்திருக்கிறோம்.

இன்னும் எத்தனையோ சொல்லலாம். மாட்டு இன்சுலின் மனித இன்சுலினிலிருந்து புரதத்தின் கட்டுமானக் கற்களான அமினோ அமிலங்களில் மூன்றிலும் பன்றி இன்சுலின் ஒன்றே ஒன்றிலும்தான் வேறுபடுகின்றன. அந்த நெருக்கத்தால்தான் பல பத்தாண்டுகள் நீரிழிவு நோயாளிகள் அவற்றைக் கொண்டு உயிர் வாழ்ந்தார்கள். செல் பிரிவதை நடத்தும் மனித மரபணு ஒன்றை 1987இல் ஈஸ்ட் என்னும் ஒற்றைச் செல் பூஞ்சையில் வைத்தபோது அது அங்கும் வேலை செய்தது. புற்றுநோய் ஆய்வை ஈஸ்ட்டில் செய்ய முடிவது பொது மூதாதையின் கொடை. ஆல்ஃபா, டெல்டா, ஒமிக்ரான் என்று கிரேக்க எழுத்துகளை நாடே நாளிதழில் படித்த பெருந்தொற்றின் பேரால், அந்த எழுத்துகள் எதற்காக என்று விளக்கும் அத்தியாயம் குறைக்கப்பட்டது என்பதைத்தான் என்னால் எப்படியும் விழுங்க முடியவில்லை.

குரங்கு மனிதனாக மாறியதை யாரும் பார்த்ததில்லை, டார்வின் கோட்பாடு தவறு என்று 2018 ஜனவரியில் மத்திய இணை அமைச்சர் ஒருவர் பேசியபோது நாட்டின் மூன்று அறிவியல் கழகங்களும் கூட்டாக மறுத்தன. உங்கள் முடிவுக்கும் அந்தப் பேச்சுக்கும் தொடர்பு உண்டென்று நான் குற்றம் சாட்டவில்லை. ஆனால் அந்த ஐயம் மக்களிடம் இருக்கிறது. அதைத் தீர்க்கும் பொறுப்பு உங்களுடையது.

ஆகவே கேட்கிறேன். தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு 2023இன்படி எழுதப்படும் புதிய பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில் பரிணாமத்துக்கு முழு அத்தியாயம் ஒதுக்குங்கள். மருந்தெதிர்ப்பு, காசநோய்க் கூட்டுச் சிகிச்சை, அரிவாள் செல் சோகை ஆகியவற்றை அதன் எடுத்துக்காட்டுகளாகப் பாடத்தின் உள்ளேயே வையுங்கள், ஓரத்துப் பெட்டியாக அல்ல. அதை எழுதும் குழுவில் நோய்த்தொற்றோடு அன்றாடம் மல்லுக்கட்டும் மருத்துவர் ஒருவரையாவது சேருங்கள். புதிய நூல் வரும்வரை காத்திருக்காமல், நீக்கிய பக்கங்களைத் துணைப்பாடமாக உங்கள் இணையதளத்தில் வெளியிட்டு, அவற்றைக் கற்பிக்கலாம் என்று பள்ளிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்புங்கள். தேர்வில் கேட்காவிட்டாலும் பரவாயில்லை. இந்த நீக்கத்தைப் பரிந்துரைத்த வல்லுநர்கள் யார், அவர்கள் எழுதிய காரணம் என்ன, உயிரியலாளர் எத்தனை பேரிடம் கருத்துக் கேட்கப்பட்டது என்பவற்றைப் பொதுவில் வையுங்கள். 2023இல் கையெழுத்திட்ட 1,800 பேருக்கு, அடுத்த கல்வியாண்டு தொடங்கும் முன், எழுத்தில் விடை தாருங்கள்.

புதிய அத்தியாயத்துக்குக் கல்ச்சர் தட்டுகளின் படங்கள் தேவைப்பட்டால், உரிய அனுமதி பெற்று, கட்டணம் ஏதுமின்றித் தர ஆயத்தமாக இருக்கிறேன். நோயாளிகளின் அடையாளம் எதுவும் அவற்றில் இராது.

இப்படிக்கு,
நுண்ணுயிரியல் மருத்துவர் ஒருவர்,
மேற்குத் தமிழ்நாடு.